எண்ணை மாற்றிய பியூஜோ, பெயரைக் காத்த ரெனோ: இரண்டு ஹேட்ச்பேக் வரிசைகள்

பிரான்ஸில் நடுத்தரக் குடும்பம் வாங்கும் ஹேட்ச்பேக் என்று பேச ஆரம்பித்தால், பேச்சு சீக்கிரமே இரண்டு வரிசைகளுக்கு வந்துவிடும். ஒன்று பியூஜோவின் 309, 306, 307, 308. இன்னொன்று ரெனோ 19, அதன் வாரிசாக வந்த மெகான். சிட்ரோனும் களத்தில் உண்டு. ஆனால் இசட்எக்ஸ், க்ஸாரா, சி4 என்று அது தலைமுறைக்குத் தலைமுறை பெயரோடு குணத்தையும் மாற்றிக்கொண்டது. அதனால் இங்கே மற்ற இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

309-ன் எண்ணே ஒரு கேள்வியை எழுப்பும். பியூஜோவின் முந்தைய காரான 305-க்கு அடுத்து 306 தானே வர வேண்டும்? இந்தக் கார் பியூஜோவாகப் பிறக்கவே இல்லை. பியூஜோ கையில் இருந்த இன்னொரு பிராண்டான டால்பாட்டின் ஹொரைசன் காருக்கு வாரிசாக, டால்பாட் அரிசோனா என்ற பெயரில் இங்கிலாந்தில் உருவாகிக்கொண்டிருந்தது. டால்பாட் பெயரைக் கைவிட பியூஜோ முடிவெடுத்ததால் 1985-ல் பியூஜோவின் சிங்க முத்திரையோடு வெளியே வந்தது. கதவுகள் பியூஜோவின் சிறிய காரான 205-லிருந்து வந்தவை. பிரான்ஸில் புவாசியிலும், இங்கிலாந்தில் கவென்ட்ரி அருகே ரைட்டனிலும் தயாரானது. நம் ஊர்ச் சாலைகளில் ஓடியதும் இதே 309 தான். பிரீமியர் நிறுவனத்தோடு கூட்டு சேர்ந்து மும்பை அருகே கல்யாணில் 1990-களின் நடுவில் தயாரித்தார்கள். அந்தக் கூட்டு சில வருடங்களே நீடித்தது. நல்ல டீசல் காருக்கு இங்கே எவ்வளவு ஏக்கம் இருந்த காலம் அது! இன்று நினைத்தாலும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

ரெனோ 19 வந்தது 1988-ல். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜுஜாரோ வரைந்த உருவம், சுத்தமான கோடுகள். ஒழுங்கான கார். ஆனால் மனசில் ஒட்டிக்கொள்ளும் விஷயம் அதில் குறைவு என்பது என் எண்ணம்.

உண்மையான போட்டி 1990-களில் தொடங்கியது. 1993-ல் 306, 1995-ல் மெகான். 306-ன் அடித்தளம் சிட்ரோன் இசட்எக்ஸினுடையது. பின் ஆக்ஸிலை உடலோடு பிணைக்கும் ரப்பர் புஷ்கள் வளைவில் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். அப்போது பின்சக்கரங்களும் முன்சக்கரங்கள் திரும்பும் பக்கமே இம்மியளவு திரும்பும். மோட்டாரும் கிடையாது, எலெக்ட்ரானிக்ஸும் கிடையாது. வெறும் ரப்பரும் இரும்பும்தான். குடும்பத்தோடு போகிற கார் மலைச்சாலையில் இப்படி வளைந்து போகும் என்று பலர் எதிர்பார்க்கவில்லை. போதாததற்கு, பினின்ஃபரீனா என்ற வடிவமைப்பு நிறுவனம் இத்தாலியில் கட்டிய, கூரை திறக்கும் கேப்ரியோலே வேறு. அந்த அழகு இன்னும் மங்கவில்லை.

மெகான் அந்த வழியில் போகவில்லை. ரெனோ 19-ன் அடித்தளமான பிளாட்ஃபார்மையே மெருகேற்றி, அதன் மேல் ஹேட்ச்பேக், கூப்பே, செடான், கேப்ரியோலே, எஸ்டேட் என்று ஒரு கூட்டுக்குடும்பத்தையே வளர்த்தார்கள். 1996-ல் வந்த செனிக் அதில் மூத்த வெற்றி: உயரமான கூரை, தனித்தனியாகக் கழற்றக்கூடிய பின்னிருக்கைகள், 1997-ன் ஐரோப்பியக் கார் விருது. சாலையில் ஓட்டும் சுகத்தில் 306 முன்னே. ஒரே அடித்தளத்திலிருந்து எத்தனை வகைக் குடும்பங்களுக்குப் பதில் சொல்லலாம் என்பதில் மெகான் முன்னே.

அதே 1997-ல்தான் பெல்ஜியத்தின் வில்வோர்டே ஆலையை ரெனோ மூடியது. கிளியோவும் மெகானும் தயாரான இடம். சுமார் 3,100 தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். எதிர்ப்பு நாடுகளைத் தாண்டிப் பரவியது. பியூஜோவும் இதில் சளைத்ததல்ல. 309-ஐயும் 306-ஐயும் கட்டிய ரைட்டனில் பிறகு 206 தயாரானது. 2006 முடிவில் அதன் கதவும் சாத்தப்பட்டது. மாடல்களின் வரலாற்றை எழுதும்போது இந்த இரண்டு ஊர்களையும் விட்டுவிடக் கூடாது.

அடுத்த சுற்றில் இருவரும் விருது வாங்கினார்கள்: 307-க்கு 2002-ல், இரண்டாம் மெகானுக்கு 2003-ல். இங்கே நான் தயங்காமல் ரெனோ பக்கம். 307 உயர்ந்த கூரையும் தாராளமான இடமும் கொண்ட கார். ஆனால் 306-ன் துள்ளல் அதில் போய்விட்டது. மெகானிலோ, வடிவமைப்புத் தலைவர் பாட்ரிக் லெ கெமோன் துணிந்து நின்றார். நெட்டுக்குத்தான பின்கண்ணாடி, அதற்குக் கீழே பிதுங்கி நிற்கும் டிக்கி, சாவிக்குப் பதில் ஒரு அட்டை. யூரோ என்கேப் மோதல் சோதனையில் இந்த அளவுக் கார்களில் முதன்முதலாக ஐந்து நட்சத்திரம் வாங்கியதும் இதுதான்.

2008-ல் வந்த மூன்றாம் மெகான் அந்தத் துணிச்சலிலிருந்து பின்வாங்கிவிட்டது. ஹேட்ச்பேக் தயாரிப்பும் ஸ்பெயினின் பலென்சியாவுக்குப் போனது. சென்னை அருகே ஒரகடம் ஆலையிலிருந்து 2011-ல் வந்த முதல் ரெனோ காரான ஃப்ளூயன்ஸ் செடான் இந்தத் தலைமுறைக்கு உறவுதான். ரெனோ ஸ்போர்ட் வகைகள் மட்டும் நெருப்பை அணையவிடவில்லை. 2019-ல் நான்காம் தலைமுறையின் டிராஃபி-ஆர், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதைச் சுற்றை 7 நிமிடம் 40 விநாடியில் முடித்தது. முன்சக்கர இயக்கக் காருக்கு அப்போது அது சாதனை.

பியூஜோ இதற்கு நேர்மாறு. 2007-ன் முதல் 308, 307-க்குப் புதுச்சட்டை போட்டது போலத்தான் இருந்தது. 2013-ல்தான் அடித்தளத்தையே மாற்றினார்கள்: புதிய இஎம்பி2 பிளாட்ஃபார்ம், எடையில் நல்ல குறைப்பு, சிறிய ஸ்டீயரிங்கின் மேலாகப் பார்க்கும் மீட்டர்கள். 309 என்ற எண் ஏற்கெனவே செலவாகியிருந்தது. எண் ஏற்றும் வழக்கத்தையும் நிறுவனம் விட்டுவிட, பெயர் 308-ஆகவே நின்றது. 2014-ன் ஐரோப்பியக் கார் விருதும் வந்தது. அந்தக் காரை பியூஜோவின் தாய்வீடான சோஷோவில் கட்டினார்கள். 2021-ன் மூன்றாம் 308 பக்கத்திலுள்ள முலூஸ் ஆலைக்கு மாறியது. பெட்ரோல், டீசல், பிளக்-இன் ஹைப்ரிட், பின்னர் முழு மின்சாரம் என்று எல்லாமே ஒரே உடலில்.

ரெனோவோ மெகான் பெயரை முழு மின்சாரக் காருக்குக் கொடுத்துவிட்டது. 2022 முதல் வடபிரான்ஸின் டூவேயில் அது தயாராகிறது. முதல் மெகான் பிறந்ததும் அதே ஊரில்தான். பெட்ரோல் ஹேட்ச்பேக்குக்கு வாரிசு இல்லை. பலென்சியாவில் இப்போது ஆஸ்திரால் போன்ற எஸ்யூவிகள் தயாராகின்றன.

சரி, எது மேல்? தனிக் காராக எடுத்தால் இரண்டாம் மெகானைப் போல இன்னொன்றை பியூஜோ செய்ததில்லை. ஆனால் வரிசையாக எடுத்தால் என் ஓட்டு பியூஜோவுக்கு. இன்றும் ஒரு குடும்பம் கடைக்குப் போய், தன் வசதிக்கேற்ற எஞ்சினோடு, பிரான்ஸிலேயே கட்டிய ஹேட்ச்பேக்கைக் கேட்டு வாங்க முடிகிறது. என் கையில் ஒரே ஒரு சாவியைத் தருவதானால் மட்டும், இந்தக் கணக்கையெல்லாம் மறந்துவிட்டு 306-ஐத்தான் கேட்பேன், அதிலும் ஐந்து கதவு டீசலை.