கன்று இழுக்கும் கயிறு செட் வாங்கலாமா?

கிருஷ்ணகிரியில் ஒரு கால்நடை மருந்துக் கடையில் வாங்கிய செட் இது. ஜிப் வைத்த பைக்குள் இரண்டு நைலான் கயிறு, இரண்டு கைப்பிடி, தோள்வரை ஏறும் பிளாஸ்டிக் கையுறைகள், ஒரு ஜெல் பாட்டில், மடித்த ஒரு தாள். விலை 900 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. கம்பெனி பெயர் வேண்டாம். வேறு வேறு லேபிள் ஒட்டி இதே பைதான் பல கடைகளில் தொங்குகிறது.

கொடுத்த காசுக்குக் கயிறு மட்டுமே தகும். விரல் தடிமனில் நெருக்கிப் பின்னியிருக்கிறார்கள். இரண்டு முனையிலும் தைத்த கண்ணி, ஒன்றுக்குள் ஒன்றை விட்டால் சுருக்கு. எங்கள் பக்கம், காவேரிப்பட்டணத்துக்கும் போச்சம்பள்ளிக்கும் நடுவில், மாடு ஈனும்போது கன்று சிக்கினால் கட்டுத்தறியில் கைக்கு எது வருகிறதோ அதைக் கட்டி இழுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் வாங்கிய நார்க்கயிறு மாட்டைக் கட்டத்தான் லாயக்கு. ஈரம் பட்டால் இறுகிக் கன்றின் காலை அறுக்கும், தாயின் உள்சதையையும் உரசும். எவ்வளவு கழுவினாலும் நார் இடுக்கில் சாணி நிற்கும். நைலானைக் கொதிநீரில் போட்டு எடுத்து, நிழலில் காயவைத்தால் முடிந்தது.

எங்கள் மாட்டுக்கு இது இன்னும் தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டு அத்தையின் தலை ஈத்துக் கிடேரிக்குத்தான் பை திறந்தது. எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் என்ற சீமை மாடு) கலப்பினம், இடுப்பு சிறுத்த கிடேரி, வயிறு மட்டும் பெருசு. பார்த்தபோதே எனக்குச் சந்தேகம்தான். தண்ணிக்குடம் உடைந்து, இரண்டு குளம்பு எட்டிப் பார்த்து, ஒரு மணி நேரம் முக்கியும் அதற்கு மேல் நகரவில்லை. அத்தை வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, "கண்ணு, உன் கை சின்னக் கை, வந்து பாரேன்" என்றார். டாக்டர் வேறொரு ஊரில் இதே மாதிரி ஒரு வேலையில் இருந்தார். முடித்துவிட்டு வருவதாகச் சொல்லி போனில் கேட்டார்.

"குளம்போட அடிப்பக்கம் கீழ பாக்குதா, மேல பாக்குதா?"

"கீழ சார்."

"சரி. சோப்பு போட்டுக் கழுவிட்டு கையுறை மாட்டு. கால்ல மேல போகப் போக முதல் ரெண்டு மூட்டும் ஒரே பக்கமா மடங்குதான்னு பாரு. அப்புறம் தலை எங்கன்னு பாரு. தலை திரும்பியிருந்தா எதையும் இழுக்காத, நான் வர்ற வரைக்கும் விட்டுடு."

இரண்டு மூட்டும் ஒரே பக்கம் மடங்கினால் முன்னங்கால், எதிரெதிராக மடங்கினால் பின்னங்கால். குண்டலப்பட்டி பயிற்சி மையத்தில் கறவை மாடு வளர்ப்புப் பயிற்சிக்குப் போனபோது இதைப் படமாகக் காட்டியிருந்தார்கள். இருட்டில், கை முழங்கை வரை உள்ளே இருக்கும்போது அது நினைவுக்கு வர வேண்டுமே, வந்தது. இரண்டும் முன்னங்கால். முட்டிக்கு மேலே மூக்கு. வாய்க்குள் விரல் வைத்தேன், சப்பியது. உயிர் இருக்கிறது என்று வெளியே சத்தமாகச் சொன்னேன். அத்தை அதற்கே அழுதுவிட்டார்.

கையுறையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ரொம்ப மட்டம். சினை ஊசி போடுகிறவர்கள் மாட்டுவது போன்றதுதான், ஆனால் இந்தப் பையில் இருப்பது வெங்காயத் தோல் தடிமன். குளம்பு பட்டதும் முதல் ஜோடி விரலிடுக்கில் கிழிந்தது, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மாட்டிக்கொண்டேன். இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது. புரூசெல்லோசிஸ் என்ற கருச்சிதைவு நோய் இருக்கும் மாட்டின் கருப்பை நீரும் நஞ்சுக்கொடியும் பட்டால் நமக்கும் அந்த நோய் தொற்றும். கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் அதற்கான தடுப்பூசியைப் போட்டுவிடுவது நல்லது. கையுறையைத் தனியாக, கொஞ்சம் கனமானதாகப் பார்த்து வாங்குங்கள்.

ஜெல் நல்ல சாமான். பாதிப் பாட்டிலை உள்ளே கன்றின் தலையைச் சுற்றித் தடவினேன். வழக்கமாகப் போடும் சோப்பு நுரை கொஞ்ச நேரத்தில் காய்ந்து எரிச்சல்தான் கொடுக்கும். இது கடைசி வரை வழுக்கியது.

கயிறைப் போடும் விதம்: கணுவுக்கு, அதாவது குளம்புக்கு மேலே வரும் முதல் மூட்டுக்கு, நாலு விரல் மேலே சுருக்கு, கணுவுக்குக் கீழே இன்னொரு அரைச் சுற்று. பலம் இரண்டு இடத்தில் பிரிந்துவிடும், எலும்பு முறியும் பயம் குறைவு. பையில் இருந்த தாளில் வெறும் ஒற்றைச் சுருக்கைக் கணுவின் மேலேயே போட்டுப் படம் வரைந்திருக்கிறார்கள். மொத்தமும் ஆங்கிலத்தில் வேறு. அந்தத் தாளை அடுப்புக்குப் போடலாம்.

இழுக்க ஆள் பஞ்சமில்லை. தெருவே வந்து நின்றது. டிராக்டர் இருக்கிறதே என்று ஒரு அண்ணன் ஆரம்பித்தார். டாக்டர் போனிலேயே, "ரெண்டு பேருக்கு மேல யாரும் கயிறைத் தொடக்கூடாது" என்று கத்தினார். நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கு ஒரு கால். மாடு முக்கும்போது மட்டும், ஒரு காலை இழுத்து அப்புறம் மறு காலை. இரண்டையும் சேர்த்து இழுத்தால் தோள் இரண்டும் ஒரே நேரத்தில் தாயின் இடுப்பெலும்பு வாசலில் முட்டும். தலை வந்த பிறகு நேராக இழுக்காமல் மாட்டின் குதிகாலைப் பார்த்துக் கீழே இழுக்க வேண்டும்.

கைப்பிடி சொதப்பியது இந்த இடத்தில்தான். வளைந்த கொக்கி திறந்தே இருக்கிறது. மாடு முக்குவதை நிறுத்தினதும் கயிறு தளர்கிறது, கொக்கி கழன்று கீழே விழுகிறது. சாணிக்குள் விழுந்த கொக்கியை மறுபடி எடுத்து மாட்டவா முடியும்? ஒரு சாண் வேப்பங்குச்சியைக் கண்ணிக்குள் விட்டு அதைப் பிடித்து இழுத்தோம். கைப்பிடியைவிட அதுதான் கைக்கு அடக்கமாக இருந்தது.

நெஞ்சு வரை வந்து இடுப்பில் சிக்கிக்கொண்டது. எங்கள் கயிறுக்கும் பலத்துக்கும் எல்லை அதுதான். நல்ல வேளை, டாக்டரின் பைக் வந்து நின்றது. அவர் இழுக்கவே இல்லை. கன்றின் உடம்பைக் கட்டிப்பிடித்துக் கால்வாசி வட்டம் திருப்பினார். கன்றின் இடுப்பு அகலம் தாயின் எலும்பு வழியின் உயரப் பக்கம் பொருந்தியதும் மீதி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. காளைக்கன்று. மறுநாள் மாம்பழம் நிறுக்கும் தராசில் போட்டுப் பார்த்தோம், 38 கிலோ. தலை ஈத்துக் கிடேரிக்கு இது கொடுமையான எடை. அடுத்த முறை எந்தக் காளையின் சினை ஊசி என்று கேட்டுப் போடச் சொல்லியிருக்கிறேன்.

தலைகீழாகத் தொங்கவிடச் சொன்னார்கள் இரண்டு பேர். டாக்டர் விடவில்லை. அப்போது ஒழுகுவது பெரும்பாலும் வயிற்று நீராம், குடல் பாரம் நுரையீரலை அழுத்துமாம். மூக்கைத் துடைத்து, வைக்கோல் துரும்பை மூக்கில் விட்டுத் தும்ம வைத்து, நெஞ்சு தரையில் படிய உட்கார வைத்தார். தொப்புளுக்கு அயோடின். செட்டில் ஒரு சிறிய அயோடின் பாட்டில் வைத்திருந்தால் அந்த உதவாக்கரைக் கொக்கியை மன்னித்திருப்பேன். சீம்பாலை முதல் இரண்டு மணி நேரத்திலேயே கறந்து, ஏறக்குறைய மூன்று லிட்டர் இரண்டு தடவையாகக் கொடுத்தோம். நஞ்சு விடிவதற்குள் விழுந்தது. அத்தை அதை வைக்கோல் பிரியில் சுற்றி, ஏரிக்கரை ஆலமரத்தில் கட்டச் சொல்லி மகனை அனுப்பிவிட்டார்.

ஆக, செட்டாக வாங்காதீர்கள். கயிறு ஒரு ஜோடி, ஜெல் ஒன்று, நல்ல கையுறை, அயோடின் என்று தனித்தனியாகக் கேளுங்கள். கிட்டத்தட்ட அதே காசுக்குள் அடங்கும். கயிறின் கண்ணியை இரண்டு கையாலும் இழுத்து, தையல் பிரிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். உள்ளூர் டாக்டர் நம்பரையும் கால்நடை ஆம்புலன்ஸின் 1962-ஐயும் கட்டுத்தறிச் சுவரில் கரியால் எழுதிவையுங்கள், கன்று வரும் நேரத்தில் போனில் தேட யாருக்கும் கை சுத்தமாக இருக்காது. அத்தைக்கு ஒரு ஜோடி கயிறு வாங்கித் தரப் போனபோது, கொக்கி வேண்டாம் என்றேன். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே தனியாக எடுத்துக் கொடுத்தார்.