பிளீஜியா, பரீசிஸ் சொல் அட்டைகள்: பேனையோடு வாங்குங்கள்

திருகோணமலையில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் தாதியர், சித்த மருத்துவ மாணவர்களுக்கென விற்கப்படும் கட்டு இது. 40 அட்டைகள், ஒரு வளையம். முன்பக்கம் உடல் முடக்கம் சார்ந்த மருத்துவச் சொல், பின்பக்கம் கிரேக்க வேரும் தமிழ்ப் பொருளும்.

வேர்ப் பகுதி நன்று. பிளீஜியா வந்தது 'அடி' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து. ஆங்கில ஸ்ட்ரோக்கும் அதே அடிதான். பரீசிஸ் என்றால் தளரவிடுதல். எனவே முன்னது முழு முடக்கம், பின்னது பலக்குறைவு. ஆனால் ஆஸ்பத்திரி வாட்டில் இதைப் பிரிக்கும் அளவுகோலை அட்டையில் போடவில்லை. தசைப்பலம் 0 என்றால் பிளீஜியா, 1 முதல் 4 வரை பரீசிஸ், 5 இயல்பு. மூட்டு அசையாமல் தசை துளி துடித்தாலும் அது 1. பிளீஜியா என்று எழுதக்கூடாது.

தமிழ்ப் பக்கத்தில்தான் கோளாறு. ஹெமிபிளீஜியா, பராபிளீஜியா, டெட்ராபிளீஜியா மூன்றுக்கும் 'பாரிசவாதம்' என்றே அச்சிட்டிருக்கிறார்கள். பாரிசம் என்றால் பக்கம். அது ஒருபக்கம் முடங்கும் ஹெமிக்கு மட்டுமே பொருந்தும். பராவில் இரு கால்களும், டெட்ராவில் கைகால் நான்கும். இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. டெட்ரா என்றால் பாதிப்பு பெரும்பாலும் கழுத்துத் தண்டுவடத்தில். மேலே போகப் போக மூச்சும் பாதிக்கப்படும். பாரிசவாதம் என்று படித்தவர் மூச்சைக் கவனிக்க மறந்துவிடுவார்.

'பரா' முன்னொட்டைப் பிரித்துப் பொருள் காணவும் முயலவேண்டாம். அதற்குப் 'பக்கத்தில்' என்று பொருள். பழைய கிரேக்கத்தில் பராபிளீஜியா என்ற சொல்லே ஒருபக்க முடக்கத்தைத்தான் குறித்தது. மனப்பாடம் செய்வதே வழி. குவாட்ரிபிளீஜியாவும் டெட்ராபிளீஜியாவும் ஒன்றே. குவாட்ரி லத்தீன், அவ்வளவுதான்.

பரெஸ்தீசியாவைப் பரீசிஸ் வரிசையில் சேர்த்தது அப்பட்டமான பிழை. அது ஊசி குத்துவது போன்ற உணர்வு, தசைப்பலத்தோடு தொடர்பில்லை. அந்த அட்டையைக் கழற்றிவிட்டு சைக்கிளோபிளீஜியாவை எழுதிக் கோர்க்கலாம்: கண் கிளினிக்கில் சொட்டுமருந்தால் வேண்டுமென்றே கண்ணின் குவியத் தசையைத் தளர்த்துவது. பிளீஜியா என்றால் எப்போதும் நோய்தான் என்ற எண்ணம் அதோடு போகும்.

லமினேற் செய்தபிறகு துளை போட்டிருப்பதால் கடற்காற்றின் ஈரம் துளைவழியே ஏறி மை கலங்குகிறது. புதிதாகச் செய்யச் சொன்னால், முதலில் தாளில் பெரிய துளை, பிறகு லமினேற், அதன் நடுவில் சிறிய துளை என்று கேளுங்கள்.