சூப்பர்ஜெட்டுக்கு மாற்றுக் கூடு: நான்கு ஆண்டு ஓட்டிய பிறகு

நின்றுகொண்டு ஓட்டும் நீர் ஸ்கூட்டரான என் 1998-ஆம் ஆண்டு யமஹா சூப்பர்ஜெட்டின் கூடு, அதாவது எஞ்சின் நீங்கலான அதன் உடல், எதிலும் மோதிக் கெடவில்லை. அதன் வயிற்றுக்குள் இருந்த நுரைதான் அதைக் கெடுத்தது. மிதப்பதற்காக மூக்கிலும் நிற்கும் தட்டின் அடியிலும் நிரப்பப்படும் அந்த நுரை, இருபது ஆண்டுகளில் சிறுகச் சிறுக நீரைக் குடித்துவிட்டிருந்தது. வண்டியைக் கரையேற்றும்போதெல்லாம் எனக்குத்தான் வயதாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு குளிர்காலத்தில் தட்டை அறுத்து நுரையைத் தோண்டி எடை போட்டபோது 17 கிலோ காட்டியது.

புதிய வண்டி வாங்குவதை யோசிக்காமல் இல்லை. ஆனால் 2021 முதல் வரும் சூப்பர்ஜெட் 1049 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினுடன், எரிபொருள் இல்லாமலேயே 170 கிலோ இருக்கிறது. அதே வகை வண்டியான கவாசாகியின் எஸ்எக்ஸ்-ஆர் சுமார் 250 கிலோ. என்னிடமிருந்த 701 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்ததால், அதை வேறொரு கூட்டுக்கு மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

நான் ஓட்டுவது அரிசோனாவின் ஹவாசு ஏரியில். இதை முதலில் சொல்வதற்குக் காரணம், கூட்டின் வடிவத்தைத் தீர்மானிப்பது நம் ஆசை அன்று, நாம் இறங்கும் தண்ணீர் என்பதை நான் தாமதமாகவே புரிந்துகொண்டேன் என்பதுதான். துள்ளி வித்தை காட்டும் ஃப்ரீஸ்டைலுக்கான கூடுகள் குட்டையானவை, மூக்கு மேல்நோக்கி வளைந்தவை, விளிம்புகள் மழுங்கியவை. அதனால் தண்ணீரிலிருந்து எளிதில் எழும்பித் துள்ளும், ஆனால் நேர்கோட்டில் வேகமெடுத்தால் மூக்கை ஆட்டிக்கொண்டே போகும். பந்தயக் கூடுகளின் கூர்மையான விளிம்பு திருப்பத்தில் தண்ணீரைக் கடித்துப் பிடிக்கும். வார இறுதியில் நூறு படகுகள் கலக்கிவிட்ட நீரில் அந்தப் பிடிப்பே ஆளைத் தூக்கியெறியவும் செய்யும். இவற்றோடு, லண்டனிலிருந்து கொண்டுவந்து இங்கே நிறுவப்பட்ட லண்டன் பாலத்தின் கீழ்க் கால்வாயில் அலை எழுப்பக் கூடாது என்ற விதியும் உண்டு. மெதுவாகப் போனால் நின்று ஓட்டும் வண்டி அமிழத் தொடங்கும், முழங்காலிட்டுத்தான் கடக்க வேண்டும். மூக்கில் கொள்ளளவு குறைந்த கூட்டில் அந்தக் கால்வாயைக் கடப்பதே ஒரு தவம். எனவே நடுத்தர நீளமும், சற்று அகன்ற தட்டும், பருத்த மூக்கும் கொண்ட, இரண்டுக்கும் இடைப்பட்ட ஃப்ரீரைடு வடிவத்தைத் தேர்ந்தெடுத்தேன். அதற்காக இன்றுவரை வருந்தியதில்லை.

வருந்தியது கூட்டை எந்தப் பொருளில் செய்வது என்பதில். முழுக் கார்பன் இழை, அதன் நடுவே நுரை அடுக்கு, இழையை ஒட்டும் பிசினாக எபாக்ஸி ரெசின் என்ற விவரப் பட்டியலைப் பார்த்து, கண்ணாடி இழைக் கூட்டைவிட 8 கிலோ குறைவு என்பதற்காகக் கணிசமாகக் கூடுதல் விலை கொடுத்தேன். கார்பன் விறைப்பானது, ஆனால் கூரிய அடியைத் தாங்கி நெளியாது, விரிசல் விட்டுவிடும். நடுவடுக்கில் நுரை இருக்கும் கூட்டில் நாம் போடும் ஒவ்வொரு திருகுத் துளையும் தண்ணீருக்கு ஒரு வாசல். கால் பிடிகளைப் பொருத்த நானே போட்ட ஆறு துளைகளில் ஒன்றைச் சரியாக ரெசினால் அடைக்கவில்லை. இரண்டாம் ஆண்டில் அந்த இடத்தை நாணயத்தால் தட்டினால் ‘டிக்’ என்பதற்குப் பதிலாக ‘தொப்’ என்றது, அடுக்கு பிரிந்துவிட்டது. உள்ளங்கையகல இடத்தை வெட்டியெடுத்து, உலர்த்தி, மறுபடி இழை ஒட்ட மூன்று வாரமானது.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரிசோனாவின் உச்சபட்ச வெப்பமான 53 டிகிரி செல்சியஸ் 1994 ஜூனில் பதிவானது ஏரிக்கரையிலுள்ள லேக் ஹவாசு சிட்டியில்தான். இங்கே கருப்புக் கார்பனை நிழலில்லாமல் நிறுத்திவைத்தால் எபாக்ஸி இளகத் தொடங்கும். உற்பத்தியின்போது சூட்டில் வைத்துப் பதப்படுத்தாத கூடாக இருந்தால் மேற்பரப்பில் இழையின் நெசவுத் தடம் எழும்பித் தெரியும். என்னுடையதில் முதல் கோடையிலேயே தெரிந்தது. பிறகு வெள்ளை வண்ணம் பூசினேன். பளபளக்கும் கார்பனுக்குக் கொடுத்த காசு அதன் அடியில் மறைந்துகொண்டது.

ஆனால் எடையும் பொருளும் கொடுத்த தொல்லையைவிடப் பெரியது, பொருத்தம் கொடுத்தது. எஞ்சின் தண்டும், நீரைப் பின்னால் பீய்ச்சி வண்டியைத் தள்ளும் பம்ப்புக்குப் போகும் தண்டும் ஒரே கோட்டில் சந்திக்கும் இடத்தில் அவற்றை இணைக்கும் கப்ளர் இருக்கிறது, நடுவில் ரப்பர். எனக்கு வந்த கூட்டில் பம்ப் அமரும் இடம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. செய்துகொடுத்தவர்கள் “தகடு வைத்துச் சரிசெய்துகொள்ளுங்கள்” என்று பதில் எழுதினார்கள். நான் தகடு வைத்தது போதவில்லை. இருபது மணி நேர ஓட்டத்தில் ரப்பர் பொடிப்பொடியாகிக் கூட்டின் அடியில் கிடந்தது. பிறகு எஞ்சினை இறக்கி, அதைத் தாங்கும் நான்கு தாங்கிகளையும் தனித்தனியாக உயர்த்தி, கப்ளரின் இரு பாதிகளுக்கும் மேல் நேர்ச்சட்டம் வைத்து எந்தப் பக்கமும் இடைவெளியில் ஒளி தெரியாமல் போகும்வரை திருத்தினேன். அதற்குப் பின் சுமார் 200 மணி நேரம் ஓட்டியாகிவிட்டது, அதே ரப்பர்தான். கூடு வாங்க விசாரிப்பவர்கள் எடையைக் கேட்கிறார்கள். தாங்கிகளின் திருகுகள் எந்த உலோகத்தில் இறங்குகின்றன, அந்த உலோகத்தைச் சுற்றி எத்தனை அடுக்கு இழை இருக்கிறது, பம்ப் இருக்கை வார்ப்போடு வந்ததா, பின்னால் ஒட்டப்பட்டதா என்று கேட்பவர்கள் அரிது.

காகித வேலை தனி. அமெரிக்கச் சட்டத்தில் படகின் அடையாளம் கூட்டில் பொறித்த, எழுத்தும் இலக்கமும் கலந்து 12 குறிகள் கொண்ட எண். எஞ்சின் பழையதுதான் என்பதற்காகப் பழைய பதிவு புதுக் கூட்டுக்கு ஒட்டிக்கொண்டு வராது. அந்த எண் இல்லாமல் வரும் கூட்டை வாங்குபவர் பதிவு அலுவலகத்தில் வெகுநேரம் நிற்பார்.

உள்ளே மிதவை நுரையே வேண்டாம் என்று சொல்லி, மூக்கில் இரண்டு காற்றுப் பைகளைக் கட்டியிருக்கிறேன். படகுகளில் தொற்றி ஏரிக்கு ஏரி பரவும் குவாகா சிப்பி 2007-இல் இந்த ஏரியில் கண்டுபிடிக்கப்பட்ட பின் வந்த விதிப்படி, படகை வெளியேற்றும்போது அடைப்பான்களைக் கழற்றி நீரை முழுதும் வடிக்க வேண்டும். பழைய கூட்டில் அது வெறும் சடங்கு, நுரைக்குள் இருந்த தண்ணீர் எங்கும் போகாது. இப்போது பைகளை அவிழ்த்து, மூடியைத் திறந்து வைத்தால் மறுநாள் காலைக்குள் உள்புறம் தூசி பறக்கும் அளவுக்குக் காய்ந்துவிடுகிறது. அடுத்த கூடு வாங்க நேர்ந்தால் இதே வடிவம்தான், வெள்ளை ஜெல்கோட் மேற்பூச்சுடன் வினைல் எஸ்டர் ரெசினில் கண்ணாடி இழை. மிச்சமாகும் பணத்தில் தாங்கிகளைச் சுற்றி இரண்டு அடுக்கு கூடுதலாகப் போடச் சொல்வேன்.