சைடருக்குப் புளிப்பு: தேசிக்காயா, மாலிக் அமிலமா?

திருகோணமலைக் கடைகளில் கிடைக்கிற அப்பிள் கடித்துத் தின்பதற்கென்று இறக்குமதியாகும் பழம். பிழிந்தால் இனிப்பு நிறைய, புளிப்பு கொஞ்சம். அதை அப்படியே நொதிக்க விட்டால், சீனியை ஈஸ்ட் தின்று முடித்தபின் சைடர் எனும் அப்பிள் மது சப்பென்று இருக்கும். அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்புக் கூடும்) 3.8ஐத் தாண்டிய சாற்றில், கச்சான் வீசும் ஆடி வெக்கையில், கெடுக்கும் பக்டீரியா விறுவிறுவென்று பெருகும். 3.3க்கும் 3.8க்கும் இடையில் நிறுத்துவது நல்லது.

கைக்கு முதலில் வருவது தேசிக்காய்தான். நானும் அதில்தான் தொடங்கினேன். ஐந்து லீற்றர் சாற்றில் லீற்றருக்கு 2 கிராம் அமிலம் கூட்ட, ஏறக்குறைய 160 மில்லிலீற்றர் பிழிய வேண்டியிருந்தது. ஏழெட்டுக் காய்! மூன்று கிழமை கழித்துப் போத்தலைத் திறந்தேன். எழுந்தது தேசிக்காய் மணம், அப்பிளைக் காணவில்லை. லாக்டிக் பக்டீரியா புகுந்து தேசிக்காயின் சிட்ரிக் அமிலத்தைத் தின்னத் தொடங்கினால் வெண்ணெய் வாடையும் வினாகிரிக் காரமும் சேரும்.

மாலிக் அமிலம் அப்பிளின் சொந்தப் புளிப்பு. பெயரே அப்பிளைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதே ஐந்து லீற்றருக்கு 10 கிராம் தூள் போதும், வேற்று மணம் எதுவும் ஒட்டாது. தேடி வாங்க வேண்டிய பொருள்தான், ஆனாலும் என் தெரிவு இதுவே.

டார்டாரிக் அமிலம் அதே அளவில் பிஎச்சை இன்னும் கீழே இறக்கும். சுவை கூர்மையானது, பிரிட்ஜில் வைத்தால் அடியில் மணல்போலப் படிகம் தங்கலாம், கெடுதல் இல்லை. பழப்புளியிலும் இருப்பது இந்த அமிலம்தான், ஆனால் கரைத்து விட்டால் நிறம் கறுத்து ரசவாடை வரும். வேண்டாம்.

எதை எடுத்தாலும் முழு அளவையும் முதலிலேயே கொட்டக்கூடாது. இனிப்பு நாக்கை ஏமாற்றும். தொடக்கத்தில் பிஎச் தாள் 3.8க்குக் கீழே காட்டும்வரை மட்டும் சேர்த்து, மிச்சத்தை நொதிப்பு முடிந்தபின் ஒரு தம்ளரில் சுவைத்துப் பார்த்துச் சேர்க்கிறேன்.

சரி, புளிப்புக் கூடிப்போனால்? அப்பச்சோடா உப்புக்கரிக்கும். கல்சியம் காபனேற்றுத் தூள் லீற்றருக்கு முக்கால் கிராம் போட்டால் ஏறக்குறைய 1 கிராம் மாலிக் குறையும். அதற்கும் முன், புளிப்பில்லாத இன்னொரு போத்தல் இருந்தால் அதைக் கலந்து பாருங்கள்.