காசநோய் யாரிடமிருந்து யாருக்குப் பரவியது: எந்தப் பரிசோதனையை நம்பலாம்?

ஒரே பகுதியில் பலருக்குக் காசநோய் வந்தால், ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றியதா, இல்லை பல வருடமாக உடம்பில் உறங்கிக் கிடந்த கிருமி அவரவருக்குத் தனியாகக் கிளம்பியதா என்று முதலில் பிரித்தறிய வேண்டும்.

அதற்கு, நோயாளிகளின் கிருமிகளுடைய டிஎன்ஏவை ஒப்பிட்டுப் பார்க்கும் மூன்று முறைகளை எடுத்துக்கொள்வோம். முதலாவதான ஸ்போலிகோடைப்பிங் மலிவு, வேகமும் உண்டு. ஆனால் கிருமியின் டிஎன்ஏவில் ஒரே இடத்தில் 43 துண்டுகள் உண்டா இல்லையா என்று பார்ப்பதோடு சரி. எந்தக் கிளைக் கிருமி என்று சொல்லிவிடும். தொற்றின் வழியைத் தேட அது போதவே போதாது.

24 இடங்களில் திரும்பத் திரும்ப வரும் துண்டுகளை எண்ணும் மிரு-விஎன்டிஆர் எவ்வளவோ தேவலை. ஆனாலும் பெய்ஜிங் கிளை போல நெருங்கிய உறவுள்ள கிருமிகளில் அது தடுமாறும். 24 எண்ணும் அச்சு மாறாமல் ஒத்துப்போகும், தொற்றுத் தொடர்போ இருக்காது.

முழு மரபணு வரிசையாக்கம் கிருமியின் டிஎன்ஏவில் உள்ள சுமார் 44 லட்சம் எழுத்துகளில் (டிஎன்ஏவின் அடிப்படை அலகுகள்) பெரும்பகுதியைப் படிக்கிறது. இந்தக் கிருமி மெல்லத்தான் மாறும், சராசரியாக இரண்டு ஆண்டுக்கு ஓர் எழுத்து. அதனால் இருவரின் கிருமிகளுக்குள் 5 எழுத்து வரை வேறுபாடு இருந்தால் அண்மைத் தொற்று என்றும், 12-ஐத் தாண்டினால் நேரடித் தொற்றுக்கு வாய்ப்பு குறைவு என்றும் கொள்கிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு பரவலை மிரு-விஎன்டிஆர் ஒரே கொத்தாகக் காட்டியது. முழு வரிசையைப் படித்தபோது, இரண்டு தனி வம்சங்கள் ஒரே சமயத்தில் பரவியது தெரிந்தது. 2011-ல் வெளியான ஆய்வு இது. அப்புறம், கிருமியின் ஆர்பிஓபி, கேட்ஜி மரபணுக்களில் மாற்றம் இருக்கிறதா என்று பார்த்து காசநோய் மருந்துகளான ரிஃபாம்பிசின், ஐசோநயாசிட் வேலை செய்யுமா என்பதையும் அதே தரவிலேயே கணிக்கலாம். நோயாளிக்கு நேரடியாகப் பயன்படுவது இதுதான் என்பதால் என் ஓட்டு இந்த முறைக்கே.

குறையும் உண்டு. சளியில் மனித டிஎன்ஏ மிகுதி என்பதால் பெரும்பாலும் கிருமியை வளர்த்துத்தான் படிக்க வேண்டும், அதற்கே சில வாரங்கள் ஆகும். கிருமி மெல்ல மாறுவதும் இங்கே பாதகமாகிறது. இருவரின் வரிசையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை என்றால், யார் யாருக்குக் கொடுத்தார் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இடையில் மாதிரி தராத மூன்றாவது ஆள் இருக்கலாம். யாருக்கு எப்போது இருமல் தொடங்கியது, யார் யாரோடு ஒரே அறையில் இருந்தார்கள் என்று வீடு தேடிப்போய்க் கேட்கும் களப்பணியாளர்தான் அதை அவிழ்க்க முடியும். அவர் சம்பளத்தில் கைவைத்து வரிசையாக்க இயந்திரம் வாங்குவதை என்னால் ஏற்க முடியாது.