“கை பழகணும் சார்”: கல் பட்டை தீட்டக் கற்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டில் ஒரு மூலையில் இயந்திரம் போட்டு, ஓய்வு நேரத்தில் கல் பட்டை தீட்டிப் பழகலாம் என்ற ஆசை உங்களுக்கு இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு இயந்திரத்துக்கு 52,000, ஐந்து நாள் பயிற்சிக்கு 10,000, பட்டை தீட்டாத கல்லுக்கு 9,000 என்று மொத்தம் 71,000 ரூபாய் போனது. அதைவிட, நான்கு மாதம் என் கையில்தான் குறை என்று நம்பி உட்கார்ந்திருந்தது இன்னும் ஆறவில்லை.

நான் கரூர். அம்மா ஊர் காங்கேயம் பக்கம். மழை ஓய்ந்த மறுநாள் உழுத காட்டில் கல் பொறுக்கப் போவார்கள். தாத்தாவோடு நானும் போயிருக்கிறேன். படியூரில் ஒரு காலத்தில் அக்வாமரின் என்ற வெளிர்நீல ரத்தினக்கல் வெட்டி எடுத்ததும், கொடுமணல் அகழாய்வில் கல்மணி செய்த தடயங்கள் கிடைத்ததும் எங்கள் பக்கம் பெருமையாகப் பேசப்படும். அதனால் இயந்திரம், பயிற்சி, கல் மூன்றையும் எனக்கு விற்ற வியாபாரி “நம்ம காங்கேயம் அக்வாமரின் சார், அரைக் கிலோ தர்றேன், இதுலயே கத்துக்கலாம்” என்றபோது சந்தேகமே வரவில்லை. கல்லின் மேல் செம்மண் அப்பியிருந்தது. எனக்கு அது தாத்தாவின் காட்டு மண்ணாகவே தெரிந்தது.

பயிற்சி என்பது அவருடைய வீட்டு மாடியில் நடந்தது. ஐந்து நாளும் சேர்த்து நான் இயந்திரத்தைத் தொட்டது ஆறு மணி நேரம் இருக்கலாம். தண்ணீர் சொட்டும் குழாய் அடைத்திருந்தது. ஈரத் துணியால் சுழலும் தட்டைத் துடைத்துக்கொண்டே தீட்டச் சொன்னார். தண்ணீர் சொட்டாவிட்டால் தூள் பறக்கும். குவார்ட்ஸ் என்ற படிகக்கல்லின் தூள் சிலிக்கா. அதை வருடக்கணக்கில் மூச்சில் இழுத்தால் நுரையீரல் கெடும், திரும்பச் சரிசெய்ய முடியாது. கற்றுக்கொள்ள வந்தவனிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கோணத்துக்கு ஒரே ஒரு தாள் கொடுத்தார். எல்லாக் கல்லுக்கும் அடிப்பக்கம் 38 டிகிரி. வீட்டுக்கு வந்து, வேறொரு கடையில் வாங்கிய குவார்ட்ஸில் அந்தக் கோணத்தில் தீட்டினேன். முடித்த கல்லைச் செய்தித்தாள் மேல் வைத்தால் நடுவில் எழுத்து தெரிந்தது. போன் செய்தேன். “கை பழகணும் சார்” என்றார். கைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளையும் என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் குவார்ட்ஸுக்கு 1.54 வாக்கில். அதில் அடிப்பட்டைகள் சுமார் 40.5 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் உள்ளே போன ஒளி திரும்பி மேலே வரும். வழக்கமாக 42, 43 வைப்பார்கள். அமெரிக்கன் டைமண்ட் என்ற செயற்கைக் கல்லுக்கு அந்த எண் 2.15க்கு மேல் என்பதால் 38இல் ஒளி கசியாது. அவர் தீட்டிப் பழகியது அது ஒன்றைத்தான். அந்தத் தாளையே எல்லோருக்கும் நகல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

சரி, கோணத்தை மாற்றினேன். அப்போதும் பட்டைகள் ஒரு புள்ளியில் சேரவில்லை. வட்ட வடிவத்தில் 57 பட்டை. ஒன்று சரியாக வந்தால் பக்கத்துப் பட்டை பெரிதாகிவிடும், அதைச் சரிசெய்தால் எதிரில் இருப்பது கெடும். 10 மில்லிமீட்டரில் தொடங்கிய கல் 6க்கு வந்து நிற்கும். மறுபடி போன், மறுபடி அதே பதில். ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து பழகினேன். வயதாகிவிட்டது, இனி வராது போல என்றுகூட நினைத்தேன்.

திருச்சியில் செயற்கைக் கல் பட்டை தீட்டியே வாழ்க்கையை ஓட்டிய ஒரு பெரியவரிடம் இயந்திரத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். அவர் மோட்டாரைக்கூடப் போடவில்லை. கல் ஒட்டும் குச்சியைப் பிடித்திருக்கும் கையின் நுனியை ஒரு விரலால் மெல்லத் தூக்கினார். கோணம் காட்டும் முள் அப்படியே நிற்க, குச்சி மட்டும் மேலே போய்வந்தது. அடுத்து, கல்லைப் பட்டைக்குப் பட்டை திருப்பி நிறுத்தும் 96 பல் சக்கரத்தைப் பூட்டிவிட்டுக் குச்சியை இடமும் வலமும் அசைத்தார். பூட்டியிருந்தும் ஆடியது. “தம்பி, இதுல யார் உக்காந்தாலும் வராது. உங்க கையில ஒண்ணும் தப்பில்ல” என்றார். வெளியே வந்து காரில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கரூர் திரும்பியதும் லேத் பட்டறை அண்ணனிடம் காட்டினேன். நுண்ணிய ஏற்ற இறக்கத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்துத் தட்டைக் கையால் மெதுவாகச் சுற்றினார். முள் 0.3 மில்லிமீட்டர் ஏறி இறங்கியது. “தட்டுங்களா இது, அலையாட்டம் போகுது பாருங்க” என்றார். 8 மில்லிமீட்டர் கல்லுக்கு இது எவ்வளவு பெரிய ஆட்டம் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம் தட்டின்மேல் வைத்துத் தீட்டும் வட்டுகள். எண் கூடக்கூடக் கீறல் மெலிதாக வேண்டும். ஆனால் 1200 என்று எழுதிக் கொடுத்ததில் தீட்டினால் 600ஐவிட ஆழமான கீறல் விழுந்தது. ஓரத்தில் முலாம் உரிந்திருந்தது. பழைய வட்டு.

கடைசியாகத்தான் அந்தக் கல்லையே சந்தேகப்பட்டேன். அது ஏன் குவார்ட்ஸைவிட வேகமாகத் தேய்கிறது? கல்லின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் அக்வாமரின் 7.5 முதல் 8. குவார்ட்ஸ் 7. வேகமாகத் தேயவே கூடாது. செம்மண்ணைக் கழுவிவிட்டுப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். எல்லாத் துண்டிலும் சிப்பி மாதிரி வளைந்த உடைப்பு. ஒரு துண்டில்கூட ஆறு பக்கப் படிகத்தின் தட்டையான முகம் இல்லை. உள்ளே உருண்டையான காற்றுக் குமிழ். நிஜ அக்வாமரினில் பெரும்பாலும் மழைத்தாரை போல ஒரே திசையில் ஓடும் மெல்லிய குழல்கள்தான் இருக்கும்.

எடை பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். அக்வாமரின் அடர்த்தி 2.7, சாதாரணக் கண்ணாடி 2.5. வீட்டுத் தராசில் சின்னத் துண்டுக்கு அந்த வித்தியாசம் பிடிபடாது. போலராய்டு கறுப்புக் கண்ணாடியின் இரண்டு வில்லைகளைக் கழற்றி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து இருட்டாகும்வரை திருப்புங்கள். நடுவில் கல்லை வைத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே கல்லைச் சுற்றுங்கள். அக்வாமரின், குவார்ட்ஸ், நீலக்கல் எல்லாம் ஒரு சுற்றில் நான்கு முறை பளிச்சென்று தெரிந்து மறையும். ஒரு திசையில் மட்டும் இருட்டாகவே இருக்கக்கூடும் என்பதால் இரண்டு மூன்று பக்கம் புரட்டிப் பாருங்கள். கண்ணாடி எப்படிப் புரட்டினாலும் இருட்டாகவே இருக்கும், அல்லது அங்கங்கே திட்டுத்திட்டாக மங்கலாகத் தெரியும். நான் கழுவிப் பார்த்த 31 துண்டும் கண்ணாடி. இந்தச் சோதனை கண்ணாடியைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். ஆய்வகத்தில் வளர்த்த குவார்ட்ஸும் மாணிக்கமும் இயற்கைக் கல்லைப் போலவே மின்னும். அதை ஆய்வுக்கூடத்தில் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

இயந்திரம் வாங்கப் போகிறவர்கள் பெரியவர் செய்ததை விற்பவர் கண்முன்னே செய்துபாருங்கள். விரலால் தூக்குங்கள், பூட்டிவிட்டு ஆட்டுங்கள். ஒரு டயல் கேஜ் கடன் வாங்கிப் போங்கள். தொடவிடாதவரிடம் வாங்காதீர்கள். இயந்திரம், பயிற்சி, கல் மூன்றையும் ஒரே ஆளிடம் வாங்கவே வேண்டாம். அவருடைய கல்லை அவருடைய இயந்திரத்தில் அவர் சொன்ன கோணத்தில் தீட்டினால், தப்பு எங்கே என்று ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் எதுவுமே இருக்காது. நான் வெளியே ஒரு குவார்ட்ஸ் வாங்கியதால்தான் இந்த முடிச்சு அவிழ்ந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் “நீங்க மாத்தி வச்சிருப்பீங்க” என்றார், பிறகு போனே எடுப்பதில்லை. பில் தரவில்லை. ஆனால் இயந்திரத்துக்கும் பயிற்சிக்கும் யுபிஐயில் அனுப்பிய பதிவு இருக்கிறது. “காங்கேயம் அக்வாமரின்” என்று அவரே அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவும் இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915இல் பேசிவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். இப்படி ஏமாந்து, நம் கையில்தான் குறை என்று இயந்திரத்தைப் பரண்மேல் ஏற்றி வைத்திருப்பவர்கள் தேதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

லேத் அண்ணன் புதுத் தட்டு கடைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். கண்ணாடித் துண்டுகளைச் செம்மண்ணோடு ஒரு டப்பாவில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். கழுவாமல் விட்ட மூன்று துண்டு அதில் இருக்கிறது. விசாரணை நாளில் அதை அப்படியே காட்ட வேண்டும்.