கினோசாகியா, குரோகவாவா, ஹகோனேயா? சின்ன ரியோகான்ல ஒரு ராத்திரி தங்க எது சரி

மூணும் ஜப்பான்ல இருக்கிற ஒன்சென், அதாவது வெந்நீர் ஊற்று ஊருங்க. மூணு ஊர்லயும் தங்கியாச்சு, மூணுக்கும் காசு என் பர்ஸ்ல இருந்துதான் போச்சு, அதனால கொஞ்சம் உரிமையோடயே எழுதறேன். ஜப்பான் ட்ரிப் போடறவங்க நிறைய பேர் லிஸ்ட்ல "ஒரு நாள் ரியோகான்"னு (பழைய பாணி ஜப்பான் சத்திரம்) ஒரு வரி வச்சிருப்பாங்க, எந்த ஊர்னு கேட்டா உடனே ஒரு போட்டோவ காட்டுவாங்க, மரத்தொட்டி, ஆவி பறக்குற தண்ணி, பின்னாடி பனி. அந்த போட்டோவ இந்த மூணு ஊர்ல எதுலயும் எடுத்துடலாம் சார். வித்தியாசம் எங்க இருக்குன்னா, குளிக்கிற இடம் ரூமுக்குள்ளயா, தெருவுலயா, காட்டோரமா அப்படிங்கறதுலதான். அது ஒண்ணு மாறினா மொத்த ராத்திரியும் வேற மாதிரி ஆயிடுது.

சின்ன ரியோகான்னு நான் சொல்றது பத்து பன்னெண்டு ரூம் இருக்கிற, குடும்பமா நடத்துற சத்திரம் மாதிரியான இடம். ஒகாமின்னு சொல்ற வீட்டம்மாதான் அங்க எல்லாம். வாடகை ரூமுக்கு இல்ல, தலைக்கு, அதுல ராத்திரி சாப்பாடும் காலை சாப்பாடும் சேர்ந்தே வரும். மூணு மணிக்கு செக்-இன், ஆறு ஆறரைக்கு சாப்பாடு, காலையில பத்துக்கு கிளம்பணும். ஹோட்டல் மாதிரி நெனச்சுக்கிட்டு ஊரெல்லாம் சுத்திட்டு ஒன்பது மணிக்கு பெட்டிய உருட்டிட்டு போனீங்கன்னா சாப்பாடும் போச்சு, அந்தம்மா முகமும் போச்சு.

கினோசாகிய முதல்ல சொல்றேன், ஏன்னா எனக்கு பிடிச்சது அதுதான், ஒளிச்சு வைக்க என்ன இருக்கு. ஹியோகோ மாகாணம், ஜப்பான் கடல் பக்கம், கியோட்டோல இருந்து நேரா எக்ஸ்பிரஸ் ரயில் இருக்கு, ரெண்டரை மணி நேரத்துல விட்டுடும். ஊருக்கு நடுவுல ஒரு சின்ன கால்வாய், ரெண்டு பக்கமும் வில்லோ மரம், குட்டி குட்டியா கல் பாலம், அத சுத்தி ஏழு பொதுக் குளியல் வீடு. நீங்க எந்த சத்திரத்துல தங்கினாலும் இந்த ஏழுக்கும் பாஸ் குடுத்துடுவாங்க. ரூம்ல யுகாத்தா, அதாவது மெல்லிசான பருத்தி அங்கி, மடிச்சு வச்சிருக்கும், அத கட்டிக்கிட்டு (இடது பக்கம் மேல வரணும், மாத்தி கட்டினா அது பொணத்துக்கு கட்டுற முறை, என் மச்சான் அப்படியே கட்டிட்டு படி இறங்க ஒகாமி ஓடி வந்து அவிழ்த்து கட்டி விட்டாங்க) மரச் செருப்ப மாட்டிக்கிட்டு தெருவுல இறங்கிட வேண்டியதுதான். ராத்திரி எட்டு மணிக்கு அந்தத் தெருவுல நின்னா ஊரே டொக் டொக்னு நடக்குற சத்தம்தான். அந்தச் செருப்புல சத்திரத்தோட பேர் போட்டிருக்கும், யுகாத்தா டிசைனும் சத்திரத்துக்கு சத்திரம் வேற, அதனால குளியல் வீட்டு வாசல்ல உக்காந்திருக்கிற தாத்தா உங்க கால பாத்தே எந்த வீட்டு விருந்தாளின்னு கண்டுபிடிச்சிடுவாரு.

இதுல ஒரு விஷயம் புக் பண்ணும்போதே தெரிஞ்சுக்கணும். கினோசாகி சத்திரங்கள்ல உள்ள இருக்கிற தொட்டி ரொம்ப சின்னது. முதல் தடவ போனப்ப "இவ்ளோ காசு வாங்கிட்டு இதானா"ன்னு எனக்கு கடுப்பு. அப்புறம்தான் கதை தெரிஞ்சது. 1925ல பெரிய நிலநடுக்கம் வந்து ஊர் எரிஞ்சு போச்சு, திரும்ப கட்டும்போது ஒரு சத்திரக்காரர் சொந்தமா உள்ளயே வெந்நீர் தொட்டி போட்டுட்டாரு. வெந்நீர் ஊருக்கு பொதுச்சொத்து, குளிக்கணும்னா தெருவுக்குத்தான் வரணும், அவனவன் வீட்டுக்குள்ள குளிச்சா கடைவீதி என்னாகுறதுன்னு ஊரே திரண்டு 1927ல கேஸ் போட்டுருக்காங்க. அது இழுத்து இழுத்து 1950லதான் சமரசமாச்சு, உள்ள தொட்டி வச்சுக்கலாம், ஆனா சின்னதாத்தான்னு. நம்ம ஊர் வாய்க்கா தகராறு மாதிரியே இருக்குல்ல? இன்னைக்கு அந்தத் தெருவுல அவ்ளோ பேர் நடக்குறாங்கன்னா அதுக்கு காரணம் அந்தச் சண்டைதான்.

குறையும் இருக்கு. தண்ணி லேசா உப்பு கலந்தது, நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது. ஊற்றுத் தண்ணிய ஒரே இடத்துல சேர்த்து ஊருக்கெல்லாம் பிரிச்சு விடுறாங்க. நேரா ஊற்றுல இருந்து வந்து வழிஞ்சு போற தண்ணிதான் வேணும்னு அடம் பிடிக்கிற ஒன்சென் வெறியர்கள் இங்க மூக்கை சுளிப்பாங்க. நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் நண்டு சீசன், அப்ப ரேட் எங்கயோ போயிடும், நண்டு சாப்பிடாதவங்க அந்த மாசத்துல போறது சுத்த வேஸ்ட்.

குரோகவா கியூஷூ தீவுல, குமாமோட்டோ மலைக்குள்ள. ரயில் கிடையாது. ஃபுகுவோகால இருந்து பஸ், கிட்டத்தட்ட மூணு மணி நேரம், அதுவும் ஒரு நாளைக்கு சில ட்ரிப்தான், மிஸ் பண்ணிட்டா அன்னைக்கு பிளான் காலி. "ஊரே ஒரு சத்திரம், தெருதான் தாழ்வாரம், சத்திரமெல்லாம் ரூம்"னு இங்க பெருமையா சொல்லுவாங்க, கினோசாகிலயும் இதே வசனத்த சொல்லி கூடவே ஸ்டேஷன்தான் வாசப்படின்னு சேர்த்துக்குவாங்க. யார் யாரைப் பாத்து காப்பி அடிச்சாங்கன்னு கேக்காதீங்க. ஆனா நடந்து பாத்தா ரெண்டும் ஒண்ணே இல்ல. இங்க பொதுக் குளியல் வீடு முக்கியமில்ல, ஒவ்வொரு சத்திரத்துலயும் ஆத்தோரமா, மரத்துக்கு அடியில, திறந்தவெளி தொட்டி இருக்கும். ரெண்டு சத்திரத்துக்கு அந்த மாதிரி தொட்டி கட்ட இடமே இல்லாம போக, சரி எல்லாரோடதையும் எல்லாரும் பகிர்ந்துக்கலாம்னு 1986ல ஒரு மர வில்லை கொண்டு வந்தாங்க, வட்டமா, உள்ளூர் மரத்துல சீவினது. அத வாங்கி கழுத்துல தொங்க விட்டுக்கிட்டா மூணு இடத்துல குளிக்கலாம். கோத்தோ தெட்சுயான்னு ஒரு சத்திரக்காரர் உளிய வச்சு பாறைய மூணரை வருஷம் குடைஞ்சு ஒரு குகைத் தொட்டி செஞ்சிருக்காரு, அதுக்குள்ள இடுப்பளவு வெந்நீர்ல தடவிக்கிட்டே நடந்தேன், லைட் மங்கல், ஆவில ஒரு அடி முன்னாடி என்ன இருக்குன்னு தெரியல, தலையில வச்சிருந்த துண்டு விழுந்து தண்ணில மிதக்க ஆரம்பிச்சிடுச்சு. துண்டு தண்ணில படவே கூடாது. யாரும் பாக்கல, நல்லவேளை.

தண்ணின்னு பாத்தா குரோகவாதான் ஜெயிக்கும், சத்திரத்துக்கு சத்திரம் ஊற்று வேற. ஆனா ஏத்தம் இறக்கம், முட்டிவலி இருக்கிற அப்பா அம்மாவ கூட்டிட்டு போகாதீங்க. ராத்திரி ஒன்பதுக்கு மேல கும்மிருட்டு, ஆத்துச் சத்தம் மட்டும். எனக்கு அது சொர்க்கம், என் மனைவிக்கு "இப்ப என்ன பண்றது?"

ஹகோனே பத்தி எல்லாருக்கும் தெரியும், ஷின்ஜுகுல இருந்து ரொமான்ஸ்கார் ரயில் ஏறினா ஒன்றரை மணி நேரத்துக்குள்ள இறக்கி விட்டுடும். டோக்கியோவுக்கு பக்கம்ங்கறதுதான் அதோட பலம், அதுதான் அதோட வினையும். கூட்டம், ரேட், பத்து நிமிஷத்துக்கு ஒரு சூட்கேஸ் குரூப். தெருவுல யுகாத்தாவோட சுத்துற பழக்கமெல்லாம் இங்க இல்ல, சத்திரத்துக்குள்ள போனா உள்ளயேதான். ஆனா ஒண்ணு, ரூம்லயே சொந்தமா திறந்தவெளி தொட்டி வச்ச சின்ன சத்திரம் இங்க நிறைய கிடைக்கும். ஒன்சென்ல ஜட்டி கூட கிடையாது பாருங்க, ஆண் பெண் தனித்தனின்னாலும் தெரியாத நாலு பேர் முன்னாடி ஸ்டூல்ல உக்காந்து முதல்ல சோப்பு போட்டு கழுவிட்டுத்தான் தொட்டியில இறங்கணும். அது முடியவே முடியாதுங்கறவங்களுக்கும், மாமனார் கூட போறவங்களுக்கும் ஹகோனேதான் வழி. நான் மாமனார் கூட கினோசாகி போனேன். ரெண்டு பேரும் சுவத்தைப் பாத்துக்கிட்டே குளிச்சோம். டாட்டூ குத்தினவங்க மட்டும் கவனிங்க, நிறைய இடத்துல பொதுத் தொட்டில விடமாட்டாங்க, கினோசாகியோட அந்த ஏழு குளியல் வீட்டுல அந்தப் பிரச்சனை இல்ல.

சாப்பாடுதான் நம்மாளுங்களுக்கு பெரிய தலைவலி. அசைவம் சாப்பிடறவங்களுக்கு கவலையே இல்ல, பத்து பன்னெண்டு குட்டித் தட்டு வரிசையா வரும், பாதி என்னன்னே தெரியாம சாப்பிட்டு முடிச்சிடலாம். சைவம்னா கஷ்டம். மூணுல ஒரு ஊர்ல, சத்திரம் பேர் வேணாம், ஒரு மாசம் முன்னாடியே மெயில்ல "கறி வேணாம் மீன் வேணாம்"னு தெளிவா எழுதி அவங்களும் சரின்னு பதில் போட்டாங்க. வந்தது டோஃபு, கத்திரிக்கா, மிசோ சூப், எல்லாம் பாக்க சைவம். எல்லாத்துலயும் தாஷி, அதாவது காய்ஞ்ச மீனை ஊற வச்சு எடுத்த தண்ணி. அவங்க கணக்குல அது மீன் இல்ல, ருசி. மனைவி சோறும் ஊறுகாயும் சாப்பிட்டுட்டு படுத்துட்டா, அந்தச் சாப்பாட்டுக்கும் சேர்த்து முழுக் காசு குடுத்தோம். அதனால எழுதும்போது "தாஷில கூட மீன் வேணாம்"னு தனியா ஒரு வரி போடுங்க, இல்லன்னா சாப்பாடு இல்லாத ரேட்டுல எடுத்துட்டு வெளிய சாப்பிடுங்க. கினோசாகில தெருவுல கடை இருக்கு, ஹகோனேல ஸ்டேஷன் பக்கம் சமாளிக்கலாம், குரோகவால ராத்திரி சாப்பாட்டுக்கு கடை தேடறதெல்லாம் வேலைக்கு ஆகாது, தெப்லாவோ புளிசாதமோ பையில இருக்கட்டும்.

காசு என் அனுபவத்துல, நண்டு சீசன் இல்லாதப்ப கினோசாகில ரெண்டு வேளை சாப்பாட்டோட தலைக்கு 20,000 யென் பக்கம் ஆச்சு, குரோகவா அதுக்கு கொஞ்சம் மேல, ஹகோனேல ரூம்ல தொட்டியோட எடுத்தப்ப அதுக்கு டபுள். சனிக்கிழமை ராத்திரின்னா எல்லா இடத்துலயும் ஏத்திடுவாங்க, முடிஞ்சா வார நாள்ல போங்க.

முதல் தடவைன்னா நான் கினோசாகின்னுதான் சொல்லுவேன், ரெண்டாவது தடவை வர்றவங்க, கார் ஓட்டறவங்க குரோகவா. ஹகோனே டோக்கியோவ விட்டு நகர நேரமே இல்லாதவங்களுக்கு. கினோசாகியோட ஏழு குளியல் வீட்டையும் ஒரே ராத்திரில முடிக்கிறேன்னு மட்டும் கிளம்பாதீங்க, மூணாவதுலயே தல சுத்தும், செருப்பு வார் கட்டைவிரல் இடுக்குல தோலை உரிச்சிடும், ஒரு பேண்ட்-எய்ட் வச்சுக்கங்க.

அங்க இன்னொண்ணு, ஒவ்வொரு குளியல் வீட்டுலயும் அன்னைக்கு முதல் ஆளா உள்ள நுழையறவங்களுக்கு ஒரு மரத்துண்டு குடுப்பாங்க, ஞாபகார்த்தமா. அந்த ஏழுல ஒண்ணான இச்சினோ-யு காலையில ஏழு மணிக்கு திறக்கும்னு ஆறே முக்காலுக்கே குளிர்ல போய் நின்னேன். எனக்கு முன்னாடி எழுபது வயசு தாத்தா ஒருத்தர் மடக்கு ஸ்டூல் போட்டு பேப்பர் படிச்சிட்டு இருந்தாரு.